கடற்காற்றில் கார்ன்ஃப்ளேக்ஸ் விற்ற கதை

விற்பனைப் பிரதிநிதி எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம். அடுத்தவர் வீட்டுக் காலைப் பலகாரத்தை மட்டும் மாற்றச் சொல்லக் கூடாது. நான் அதைத்தான் சொல்லித் திரிந்தேன். எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில், கார்ன்ஃப்ளேக்ஸ் விற்றேன். தோளில் பையும் முகத்தில் சிரிப்புமாகக் கடை கடையாக ஏறி இறங்கிய என் இனத்து மக்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நாசரேத். படிப்பு முடிந்து, அவசரப்பட்டுக் கல்யாணமும் முடிந்து, வேலைக்கு அலைந்தபோது கிடைத்த கம்பெனி இது. மதுரையில் இருந்த மேனேஜர் ஒளிவுமறைவு இல்லாதவர். ஒரு வருஷம் பார்ப்பேன், தூத்துக்குடியில் சரக்கு நகர்ந்தால் வேலை நிரந்தரம், நகராவிட்டால் அந்த ஊரையும் விட்டுவிடுவேன், உன்னையும் விட்டுவிடுவேன் என்றார். தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

கம்பெனி வரலாறு

எங்கள் கம்பெனியில் சேருகிறவர்கள் முதலில் அதன் வரலாற்றை மனப்பாடம் செய்ய வேண்டும். வடக்கே ஒரு கம்பவுண்டர், ஆஸ்பத்திரி நோயாளிகளுக்காகப் பார்லி அரிசியை இடித்து டப்பாவில் அடைத்ததில் அது தொடங்கும். பிறகு யுத்தம் வந்தது; பட்டாளத்துக்குத் தகர டப்பாவில் ஓட்ஸ் போயிற்று. யுத்தம் முடிந்து பட்டாளம் வீட்டுக்குப் போனதும், வாங்கிப்போட்ட மெஷினை என்ன செய்வதென்று தெரியாமல் மக்காச்சோளத்தை வேகவைத்து, உருளையில் கொடுத்து நசுக்கி, வறுத்து எடுத்தார்கள். அதுதான் கார்ன்ஃப்ளேக்ஸ். கம்பெனிப் புத்தகத்தில் இதைத் 'தொலைநோக்கு' என்று போட்டிருந்தது.

தூத்துக்குடியில் எங்கள் சரக்கை மொத்தமாக எடுத்து வைத்திருந்த கடைக்காரர் ராசையா அண்ணாச்சி. அவர் கடைக்குச் சாமான் வாங்க வந்த ஓர் அம்மாவிடம் இந்த வரலாற்றைப் பார்லியிலிருந்து ஆரம்பித்து ஒப்பித்தேன். பையைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். பார்லி, ஓட்ஸ், கார்ன்ஃப்ளேக்ஸ் மூன்றையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பில் போடச் சொல்லி அண்ணாச்சிக்குக் கண் காட்டினேன். அந்த அம்மா மூன்றையும் என் கையிலேயே பத்திரமாகத் திருப்பித் தந்தார். "மாதா புண்ணியத்துல எங்க வீட்டுல ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்ல தம்பி. வந்துச்சுன்னா உங்களத்தான் தேடி வாரேன்."

நெற்றியில் கரி

கடைகளை நம்பினால் ஆகாது, ஊர்களைப் பிடிப்போம் என்று பக்கத்து மீனவர் ஊரான புன்னைக்காயலுக்குப் போனேன். காய்ச்சி ஆறிய பால், சர்க்கரை, கிண்ணங்கள், கரண்டிகள் எல்லாம் கொண்டு போயிருந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். கோயில் பக்கமாக மேசை போட்டதும் பெரியவர்கள் கூட்டம் கூடிவிட்டது. அதற்கு முன் அத்தனை பேர் என் பேச்சைக் கேட்டதில்லை. எல்லோர் நெற்றியிலும் ஒரு கரித்தீற்று இருந்தது. படகுக்குத் தார் பூசிய கை பட்டிருக்கும் என்று நினைத்து, முன்னால் நின்ற பெரியவரிடம் கைக்குட்டையை நீட்டி, துடைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் அதை வாங்கி, என் கழுத்தில் வழிந்த வேர்வையைக் காட்டி, எனக்கே திருப்பித் தந்தார்.

கிண்ணங்களை மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் வாயில் வைக்கவில்லை. சோளத்தின் சத்துகளை நான் அடுக்கிக்கொண்டே போக, பாலில் கிடந்த சரக்கு ஊறிக் கூழாகிக்கொண்டே போனது. அன்றைக்குச் சாம்பல் புதன். தவசு காலத்தின் முதல் நாள். காலைப் பூசையில் சாம்பல் பூசிக்கொண்டு ஊரே உபவாசம் இருந்தது. நானும் வேதக்காரன்தான், கிறிஸ்தவன்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் சபைகளில் சாம்பல் பூசும் வழக்கம் இல்லை. நாளும் எனக்கு நினைவில்லை. என்னை அவர்கள் விரட்டியிருக்கலாம், கேலியாவது செய்திருக்கலாம். பேச்சு முடியும்வரை வெயிலில் நின்று கேட்டார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. கடைசியில் அந்தப் பெரியவர்தான் மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்கு ஒருசந்தி தம்பி. நீங்க மெனக்கெட்டு வந்திருக்கீய, அதான் கையில பிடிச்சிக்கிட்டு நிக்கோம்."

மடங்கிய சரக்கு

கார்ன்ஃப்ளேக்ஸுக்கு அழகே நொறுங்குவதுதான். எங்கள் அட்டைப் பெட்டியைக் கண்டுபிடித்தவர் தூத்துக்குடியின் ஈரக் கடற்காற்றைப் பார்த்ததில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு கிளார்க், ஆசைப்பட்டு வாங்கிப் போனவர், இரண்டாம் நாளே திரும்பி வந்தார். சண்டை போடவில்லை. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, வெற்றிலையை மடிக்கிற மாதிரி மடித்து, என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். அது உடையாமல் மடிந்தபடியே கிடந்தது.

பட்டாளத்துக்குச் செய்தது போலக் காற்றுப் புகாத தகர டப்பாவில் அடைத்து அனுப்புங்கள், விற்றுக் காட்டுகிறேன் என்று மேனேஜருக்கு எழுதினேன். என்ன தைரியத்தில் எழுதினேனோ தெரியாது. ஒரு லாரி நிறைய வந்து இறங்கியது. இது நீ கேட்டு வாங்கியது, நினைவிருக்கட்டும் என்று கூடவே ஒரு வரியும் வந்தது. டப்பாவின் விலை பெட்டியைவிட அதிகம். பெட்டியைக்கூட வாங்காதவர்கள் டப்பாவை ஏன் வாங்குகிறார்கள்? அண்ணாச்சியின் சரக்குக் கிட்டங்கியில் கூரை வரைக்கும் அடுக்கினோம். என் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணாச்சி ஒரு டப்பாவைத் தட்டிப் பார்த்துச் சொன்னார்: "தகரம் நல்ல கனமால்லா இருக்கு. விக்காட்டாலும் தண்ணி கோரலாம் தம்பி."

ஓசி வாடிக்கை

அந்தச் சமயத்தில் என் மனைவி எஸ்தருக்கு மசக்கை. சோறு ஆகாது, குழம்பு வாசம் ஆகாது, என்னைக் கண்டாலும் சில நாள் ஆகாது. ஒருநாள் சாம்பிள் டப்பாவைத் திறந்து, பாலும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல், ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். அது வயிற்றில் நின்றது. அப்புறம் காலையில் எழுந்ததும் அவள் மடியில் டப்பா இருக்கும். அவள் மொறுமொறுவென்று மெல்லும் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்து, ஆண்டவருக்கும், எனக்குத் தெரியாத அந்தக் கம்பவுண்டருக்கும் சேர்த்து ஸ்தோத்திரம் சொல்வேன்.

அவளுக்கு வயிறு தெரியத் தொடங்கியபோது, என் வருஷமும் முடியப்போனது. சரக்கைத் திருப்பி எடுக்க நேரில் வருவதாக மேனேஜர் எழுதிவிட்டார். எஸ்தரிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன், அவள் டப்பா டப்பாவாகச் சாப்பிடுவதையும் சேர்த்து. அவர் கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு பெருமூச்சு விட்டார்: "விரும்பித் திங்கிற வாடிக்கை ஊருக்குள்ள ஒண்ணே ஒண்ணு. அதுவும் ஓசி வாடிக்கையாப் போச்சே."

தண்டல் வந்தார்

மேனேஜர் லாரியோடு அண்ணாச்சி கடைக்கு வந்தார். டப்பாக்களை ஏற்றச் சொல்லிவிட்டு, என் தோளைத் தட்டி, வேறு நல்ல வேலை கிடைக்கும் என்றார். நல்ல மனிதர்தான். நான் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டு நின்றேன். அப்போது கடைக்குள் லூர்து தண்டல் வந்தார். தண்டல் என்றால் தோணியின் தலைவர். வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பாய்மரத் தோணி ஓட்டுகிறவர். அவருடைய தோணிக்கு அரிசியும் அவலும் அண்ணாச்சி கடையிலிருந்துதான் போகும். போன தடவை எனக்குத் தெரியாமல் எங்கள் டப்பாக்கள் சிலவற்றையும் அண்ணாச்சி அந்தச் சாமானோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார்.

நடுக்கடலில் காற்று ஏறிவிட்டதாம். அலை தோணிக்குள் விழுந்து அடுப்பை அடித்துக்கொண்டு போய்விட்டது. அரிசி மூட்டையும் அவல் மூட்டையும் உப்புத்தண்ணீரில் ஊறிவிட்டன. கரை போய்ச் சேரும் வரை தீ மூட்ட வழியில்லை. தோணிக்குள் உருண்டு கிடந்த தகர டப்பாக்கள் மட்டும் நனையவில்லை. இப்போது அவர் டப்பா கேட்டு வந்திருந்தார், தம் தோணிக்கு மட்டுமல்ல, சங்கதியைக் கேள்விப்பட்ட மற்றத் தோணிக்காரர்களுக்கும் சேர்த்து. மேனேஜருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஆறிய பால் ஊற்றித்தானே சாப்பிட்டீர்கள் என்று ஆவலாகக் கேட்டார். தண்டல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நடுக்கடல்ல பாலுக்கு எங்க சார் போவ? குடிதண்ணிய ஊத்தி, வெங்காயத்தக் கடிச்சிக்கிட்டுத் தின்னோம். ருசியா இருந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். அது மட்டும் இல்லன்னா அத்தன பேரும் பட்டினி."

லாரி காலியாகத் திரும்பியது. நான் கிட்டங்கிக்குள் போய் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். அண்ணாச்சி பார்த்தும் பார்க்காதவர் போலக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனியிலேயே ஓய்வு பெறும் வரை இருந்தேன்.

தூத்துக்குடிக்காரர்கள் அடுப்பு அணைந்த அன்றைக்கு மட்டும்தான் என் சரக்கைச் சாப்பிட்டார்கள். அந்தப் புண்ணியத்தில் என் வீட்டு அடுப்பு அணையாமல் எரிந்தது, அதில் தினமும் வெந்தது இட்லிதான்.