மாலைக்குப் பின்னால் ஓடியவன்

பாரிஸின் ரூ பெர்தொனே தெருவிலுள்ள தமிழ்ச் சலூனில் தொலைக்காட்சிக்கு மேலே முருகன் படம் தொங்கும். அதன் பிளாஸ்டிக் மாலை திரையின் மேல்விளிம்பை மறைக்கும். எனக்குப் பிடித்த இங்கிலாந்துக் கால்பந்து வீரன் விங்கர், மைதானத்தின் ஓரமாகவே ஆடுபவன்; ஒரு பாதி ஆட்டம் முழுக்கத் திரையின் அந்த மேல்கோட்டோரம்தான் ஓடுவான். பூக்களுக்குக் கீழே அவன் கால்கள் மட்டும் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணை, மாலையைக் கொஞ்சம் தூக்குங்கோவன்."

"சாமியின்ரை மாலையிலை கை வைக்கேலாது. மற்றப் பாதியிலை இஞ்சாலை வருவான்தானே, பொறுங்கோ" என்பார் சலூன்காரர்.

அவனுடைய கடைசி ஆட்டத்தன்று, நான் கேட்காமலே அவர் கத்தரிக்கோலை வைத்தார். கை கழுவி வந்து, ஆட்டம் முடியும்வரை மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதி வெட்டிய தலையோடு இருந்தவரும் நாற்காலியைத் திருப்பி ஆட்டம் பார்த்தார்.

இப்போது அவன் கோட்டுப் போட்டு, திரையின் நடுவில் உட்கார்ந்து ஆட்டங்களைப் பற்றிப் பேசுகிறான். முழுதாகத் தெரிகிறான். நான் மாலையைத்தான் பார்க்கிறேன்.