காதைச் சுற்றிய துண்டு

சனிக்கிழமை மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போதுதான் பார்த்தேன். கம்மல் துளையில் ரத்தம் உறைந்திருந்தது.

"டிரில்லுல பட்டுட்டும்மா" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

என் கை அப்படியே நின்றுவிட்டது. இதே சொல்லை, இப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டு, நானும் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்த புதிது அது.

எண்ணெய் என்றதும் எனக்கு விளக்கெண்ணெய் வாடைதான் வரும். எங்கள் பக்கத்தில் அப்போது பெண்பிள்ளைகளுக்குக் காது வளர்ப்பார்கள். துளையில் குணுக்கு என்னும் ஈயக் குண்டை மாட்டி, விளக்கெண்ணெய் தடவித் தடவித் தோள்வரை இறக்குவார்கள். பின்னால் கனத்த தங்கப் பாம்படம் போட வேண்டுமே! உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அதில் பெருமை வேறு.

பெருமையெல்லாம் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்து டிரில் வகுப்பு வரைக்கும்தான். நான் ஒரு பக்கம் குதித்தால் குணுக்கு ஒரு பக்கம் குதிக்கும், கன்னத்தில் அறையும். பின்வரிசைப் பாக்கியம், "ஏட்டி, ஆட்டுமணி வருது, வழிவிடுங்க!" என்பாள். அதோடு விட்டாலும் பரவாயில்லை. ஓடும்போது குணுக்கை எட்டி ஓர் இழுப்பு இழுப்பாள். உயிர் போகும்.

அதைவிடப் பெரிய பயம் வீட்டில் இருந்தது. "காது அறுந்துதுன்னா எவன் வந்து கெட்டுவான்? இனி ஒரு சொட்டு ரத்தம் பாத்தேன், பள்ளிக்கூடம் அன்னையோட சரி" என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். குணுக்கைக் கழற்றவும் முடியாது, துளை சுருங்கிவிடும்.

காது வளர்க்காத வேதக்காரப் பிள்ளை எஸ்தர், என் வகுப்புக்காரி. ஒருநாள் கிணற்றடியில் என் காதைத் துடைத்துவிட்டாள். "அழாத. நாளைக்கும் வா" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் டிரில்லுக்குத் துண்டோடு வந்தாள். நடுகைக்குப் போகும் பெண்கள் மாதிரி, காதை மூடி எனக்கு இறுக்கிக் கட்டினாள். தானும் ஒன்று கட்டிக்கொண்டாள். அடுத்தவளும் இடுப்பிலிருந்து ஒன்றை உருவினாள். ராத்திரியோடு ராத்திரியாக எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள் கள்ளி! துண்டு, சீலைக்கிழிசல், தகப்பனாரின் அங்கவஸ்திரம், கிடைத்ததெல்லாம் தலையில் ஏறியது.

டீச்சர் வந்து திகைத்தார். "என்னட்டி இது, வயலுக்கா போறீக?"

"வெயிலு டீச்சரம்மா" என்றாள் எஸ்தர்.

மார்கழி மாதக் காலை!

டீச்சர் என் துண்டில் கசிந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். பாக்கியத்தை அழைத்து முன்வரிசையில், தன் கண்ணெதிரே நிறுத்தினார். பிறகு "குதிங்க" என்றார். குதித்தேன். எட்டாம் வகுப்புவரை குதித்தேன்.

குணுக்கு போயிற்று, பாம்படம் போயிற்று. என் காதையே அறுத்துத் தைத்துக் கம்மல் போட்டாயிற்று. தழும்பு மட்டும் மழைக்குக் குறுகுறுக்கும். எஸ்தர் கொழும்புக்கு வாழப்போனவள், திரும்பவில்லை.

தானாகப் பட்டதல்ல, எவளோ இழுத்ததுதான் என்று தெரிந்தே மகளிடம் கேட்டேன். "இழுக்கையில பக்கத்துல யாரும் நின்னாளாட்டி?"

"எல்லாரும் நின்னாங்கம்மா. சிரிச்சாங்க."

குணுக்கு போனதற்கு எனக்கு வருத்தமில்லை. அந்தத் துண்டுகளும் கூடவே போய்விட்டனவே! திங்கட்கிழமை டிரில் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போகிறேன். டீச்சரிடம் பேசாமல் திரும்புவதாயில்லை.