ஆயுத பூஜைக்கு அணைத்த பெட்டி

ஜோசப் ஆனந்த் காலையில் வந்ததும் நாற்காலியில் உட்காரமாட்டார். மேசைக்கடியில் குனிந்து, அங்கே ஓடும் பழைய கம்ப்யூட்டரின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடு தெரிந்த பிறகுதான் டிபன் பையை இறக்குவார். சேதராப்பட்டில் நாங்கள் வேலை செய்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில், பெருக்கும்போது ஏழு வருடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவர். ஆபீசில் ஒதுக்கிப்போட்ட அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரை ஏற்றி, ஒரே இன்டர்நெட் லைனை ஆபீஸ், ஸ்டோர், கேட் எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்க வைத்தார். அதற்கு மானிட்டர்கூடக் கிடையாது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் அவருக்கு ஆபீசில் நாற்காலி. வேலையை நிரந்தரமாக்கும் ஆர்டர் மட்டும் வரவில்லை. போன வருடம் மேனேஜர் சக்கரபாணி, "தீபாவளிக்குள்ள போட்டுடலாம்" என்றார்.

"சார், இதோட டிஸ்க் பழசு. ஒரு தடவ நின்னா திரும்பச் சுத்துமான்னு தெரியாது. ஸ்டோர்ல கெடக்கற பழைய கம்ப்யூட்டர்ல ஒண்ணு குடுங்க, இதே மாதிரி ரெடி பண்ணி வச்சிக்கிறேன்."

ஜோசப் அவரிடம் என் காதுபடவே மூன்று தடவை கேட்டார். ஸ்டோரில் கிடந்ததெல்லாம் பழைய இரும்புக்குப் போனது.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைப்போம். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு மட்டும் ஓடும்போதே வைப்பது வழக்கம். போன வருடம் பூஜைக்கு முதலாளி வந்திருந்தார். "இது மட்டும் ஏன் ஓடுது?" என்றார்.

"ஏம்பா ஜோசப்பு, உங்க சாமி லீவு குடுக்கலன்னா எங்க ஆயுதத்துக்கும் லீவு இல்லியா?" என்றார் சக்கரபாணி. எல்லோரும் சிரித்தார்கள்.

"அதில்ல சார், டிஸ்க்கு..."

"ரெண்டு நாள்தானப்பா. அண" என்றார் சக்கரபாணி.

ஜோசப் நிரந்தர ஆர்டரை நினைத்திருப்பார். குனிந்து அணைத்தார். சத்தம் அடங்கியதும் நான்தான் சந்தனம் வைத்தேன். தகடு இன்னும் சூடாக இருந்தது.

விஜயதசமி கழிந்து கம்பெனி திறந்ததும் சுவிட்சைப் போட்டார். உள்ளே இரண்டு தடவை டிக்கென்றது. அப்புறம் அதுவும் இல்லை. பில் போட முடியாமல் கேட்டில் லாரிகள் நின்றன.

"கண்ட பழசையும் வச்சி ஓட்னா இப்பிடித்தான் சார்" என்று முதலாளியிடம் சொன்னார் சக்கரபாணி. ஜோசப் குனிந்து இன்னொரு தடவை சுவிட்சைப் போட்டார். அவர் மூன்று தடவை கேட்டது காதில் விழுந்திருந்த நான் துடைப்பத்தோடு சும்மா நின்றேன்.

இப்போது அந்த இடத்தில் கடையில் வாங்கிய ரூட்டர் இருக்கிறது. வேலை போன ஜோசப் ஆனந்த் மூலக்குளத்தில் ஓர் அடுக்குமாடியில் தண்ணீர் மோட்டார் போட்டு நிறுத்துகிறார். சக்கரபாணி மேனேஜராகவே இருக்கிறார். நான் அதே ஆபீசைப் பெருக்குகிறேன்.