நனையாத முழங்கால்கள்

என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து நாலு நாள் ஆகிறது. இத்தனை வருடமாக எத்தனையோ பேரைத் தண்ணீருக்குள் இறக்கி ஏற்றிய போதகன் நான். அவளுடைய முறையில்தான் தடுமாறிப்போனேன். அந்தத் தடுமாற்றத்தோடுதான் என் வாலிபத்தின் சின்னச் சபைகளுக்கு நன்றி சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எங்களுக்கு இரண்டு சபைகள். ஒன்று தீவுப் பட்டணத்தில், மாட்டுவண்டிக் கொட்டகைக்கு மேலே ஒரு அறை. மற்றது கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில், ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை. ஆள் குறைந்தால் எங்கள் போதகர் சோர்ந்துபோவாரே என்று காலையில் பட்டர்வொர்த்துக்காரர்கள் படகேறி வருவார்கள். அவர்களுடைய போதகர் சோர்ந்துபோகக் கூடாதென்று மாலையில் நாங்கள் படகேறிப் போவோம். இரண்டு போதகர்களும் சபை இரட்டிப்பானதற்காக ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டார்கள். இரண்டு கூட்டத்திலும் இருப்பது அதே முகங்கள் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. யாருக்காவது காய்ச்சல் வந்தால் இரண்டு சபையும் ஒரே நாளில் இளைத்துவிடும்.

குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. விவரம் தெரிந்த வயதில் தானாகக் கேட்க வேண்டும். சபையார் கை தூக்கிச் சம்மதிக்க வேண்டும். பிறகு உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் போய் எழ வேண்டும். ஒரு விரல் வெளியே நின்றாலும் மறுபடி முழுக்குதான். கடலுக்குப் போனால் நீர் வற்றிய நேரத்தில் சேறுதான் மிஞ்சும். அதனால் ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் ஒரு டோபியின் துணி அலசும் தொட்டியை இரவல் வாங்குவோம். அவர் எங்கள் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை தொட்டி சும்மாதானே கிடக்கிறது என்பார்.

என் முறை வந்தபோது நான் ஒட்டடைக்கம்பு மாதிரி வளர்ந்திருந்தேன். தொட்டியோ வேட்டிகளுக்காகக் கட்டியது. தலை உள்ளே போனால் முழங்கால்கள் வெளியே வந்தன. முழங்கால்களை அமுக்கினால் தலை வந்தது. போதகருக்குக் கண் மங்கல். நனையாத இடத்தைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு எங்கள் சபையின் மருத்துவச்சி அக்காவுடையது. அவரும் பொறுத்துப் பார்த்தார்.

"விடுங்கய்யா. முட்டி என்னா பாவம் செஞ்சிச்சு?" என்றார்.

சபையார் அதற்கும் கை தூக்கினார்கள். முழங்கால்கள் காய்ந்திருக்க நான் சபையில் சேர்ந்தேன். தொட்டியில் துணிக்குப் போடும் நீலம் மிச்சமிருந்ததால் திரும்பும்போது டிராமில் வெளிர்நீலமாக நின்றேன். கண்டக்டர் என்னை மற்றவர்கள்மேல் சாயாமல் நிற்கச் சொன்னார்.

இன்று இரண்டு சபைகளும் ஒன்றாகி, அதற்கு நான் போதகன். என் ஒரே மகளுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. மழை பிடித்தால் அவள் மூச்சுக்குள் ஒரு பூனைக்குட்டி கத்தும். அவள் ஞானஸ்நானம் கேட்டபோதெல்லாம் தள்ளிப்போட்டேன். ஒரு வருடம் மழையைச் சொன்னேன். அடுத்த வருடம் வெயிலைச் சொன்னேன். டுரியான் பழக் காலம் உடம்புக்குச் சூடு என்றும் ஒரு தடவை சொன்னேன். போன மாதம் அவள் என்னிடம் கேட்கவில்லை, சபையில் எழுந்து கேட்டுவிட்டாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன, என் கையைத் தவிர. எனக்குக் காதில் விழவில்லை என்று நினைத்து மூப்பர் கேள்வியை இன்னும் உரக்கக் கேட்டார்.

அதே டோபி. தொட்டியை மட்டும் இடையில் ஆழமாகவும் அகலமாகவும் கட்டியிருந்தார். இடுப்பளவு தண்ணீரில் அவளைத் தாங்கிக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். என் கைகள் இறங்கவில்லை. நான் இறக்கியதாகத்தான் நினைத்தேன்.

"மூக்கு வெளிய நிக்குது," என்றார் மருத்துவச்சி அக்கா. அவருக்கு இப்போது தலை முழுக்க நரை.

மறுபடி முயன்றேன். மூக்கோடு முகம் முழுவதும் வெளியே நின்றது. டோபி அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. நனைக்கிற வேலை தனக்குப் பழக்கந்தான், வேண்டுமானால் தான் இறங்கட்டுமா என்று கேட்டார். மூப்பர் அதையும் யோசிப்பது போலத் தெரிந்தது.

"அப்பா, கைய விடுங்க," என்றாள் மகள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "மூச்சப் புடிச்சுக்குறேன்லா."

நான் விடவில்லை. அவளே நழுவி உள்ளே போய்விட்டாள். தண்ணீர் அவள்மேல் மூடிக்கொண்டது. அவளைத் தூக்கக் குனிந்தவன் பாசியில் கால் வழுக்கி நானும் உள்ளே போனேன். கண்ணைத் திறந்தேன். எல்லாம் நீலம். கையை எந்தப் பக்கம் வீசினாலும் அவள் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு ஜெபம்கூட வரவில்லை. அவள் மூச்சுக்குள் கத்தும் அந்தப் பூனைக்குட்டியைத்தான் நினைத்தேன்.

யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தார்கள். மகள்தான்.

"நான் இங்கதான் இருக்கேன்பா," என்றாள்.

கரையில் சபையார் பாட்டைத் தொடங்கி இரண்டாம் சரணத்துக்கே போயிருந்தார்கள். மருத்துவச்சி அக்கா மட்டும் பாடாமல் என்னையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோர் முன்னாலும் என்னை ஐயா என்று அழைப்பவர், அன்று மறந்துவிட்டார்.

"நல்லதாப் போச்சு, தம்பி. அன்னிக்கு விட்டுப்போன முட்டி, இன்னிக்குத் தலையோட சேந்து முழுகிடுச்சு."

என் முழங்கால்களுக்குக் கிடைத்த இந்த முழுக்கு கணக்கில் சேருமா என்று மூப்பருக்குச் சந்தேகம் வந்தது. சபையாரைக் கேட்டார். சபையில் அப்போதுதான் சேர்ந்தவளின் ஈரக்கை எல்லோருக்கும் முந்தி உயர்ந்தது. பெரிய சபை எதிலாவது நான் வளர்ந்திருந்தால் என் முழங்கால்களை யார் கவனித்திருப்பார்கள்? கவனித்தாலும், இத்தனை வருடம் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

நாலு நாளாக அவள் அறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருக்கிறேன். பூனைக்குட்டி கத்தவில்லை. வீட்டில் இருமுவது நான் ஒருவன்தான். சற்று முன் ஆவி பிடிக்க வெந்நீர்ச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். என் தலைமேல் போர்வையைப் போட்டு மூடி, நான் இத்தனை வருடமாக அவளிடம் பேசிய அதே குரலில் சொன்னாள்:

"தண்ணியில ரொம்ப நேரம் நிக்காதீங்கன்னு சொன்னா, கேக்குறீங்களா?"