அப்பா வாசித்தது

கத்தாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவின் டோலக் சத்தம் இலங்கையின் எஹலியகொடவில் ஒரு கணினிப் பெட்டியிலிருந்து வந்தபோது நான் அழுதுவிட்டேன். அது போர் முடிவதற்கு முந்தைய வருடம். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பித்த யாழ்ப்பாணத்துச் சார்தான் அதைச் செய்தார். இங்கேயும் அங்கேயும் இருந்த கணினிகளின் கடிகாரங்களை ஒரே நேரத்துக்கு வைத்து, இணையம் வழியே வரும் ஒலித்துண்டு ஒவ்வொன்றிலும் அது புறப்பட்ட நேரத்தைப் பதித்தார். கலைவிழாவில் அப்பா அங்கிருந்து வாசிக்க நான் இங்கே பாடுவதாக ஏற்பாடு. ஒத்திகை நன்றாகவே நடந்தது. சார் அதைப் பதிவும் செய்துகொண்டார்.

விழா அன்று அடைமழை, இணைப்பு தடுமாறியது. என் குரல் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவருடைய தாளமோ துண்டு துண்டாக, பிந்திப் பிந்தி வந்தது. பல்லவி முடிவதற்குள் சார் ஒத்திகைப் பதிவை ஓடவிட்டார். அது எனக்கு உடனே புரிந்தது. சபைக்குப் புரியவில்லை. சரணத்தில் எனக்கு மூச்சு முட்டியது. பதிவு எனக்காக நிற்கவில்லை, ஓடிப்போய்ப் பிடித்தேன்.

கைதட்டல் அடங்குமுன் அப்பா தொலைபேசியில் வந்தார். "சரணத்துல மூச்சு வாங்குனியே புள்ள, நா நின்னு புடிச்சேன்ல?"

"ஆமாப்பா" என்றேன்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று சார் பலமுறை வற்புறுத்தினார். நான்தான் விடவில்லை. அங்கே தன் அறைத் தோழர்கள் எல்லோரையும் உட்கார வைத்து வாசித்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த வருடம் அப்பா ஊர் திரும்பியதும், சார் என்னைக் கேட்காமலே வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். அப்பா சாரைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப நா வாசிச்சது எங்க போச்சுங்க சார்?"

"எல்லாம் வந்தது ஐயா. பிந்தித்தான் வந்தது" என்ற சார், மடிக்கணினியைத் திறந்தார். பிந்தி வந்த துண்டுகளை, அவற்றில் பதிந்திருந்த நேரப்படி, அன்று பதிவான என் பாட்டோடு பொருத்தி வைத்திருந்தார். சரணம் வந்தது. நான் மூச்சுக்குத் தவித்த இடத்தில் அப்பாவின் விரல்கள் மெல்லத் தட்டியபடி காத்திருந்தன. நான் வந்து சேர்ந்ததும் தாளத்தை எடுத்தன.

அப்பா தலை குனிந்து கேட்டார். பிறகு, "சாருக்கு டீ ஊத்து புள்ள" என்றார். அந்த "ஆமாப்பா"வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போதும் நான் பாடும் இடமெல்லாம் வருகிறார், வாசிக்கிறார். முடிந்ததும் எப்படி இருந்தது என்று மற்றவர்களிடம் கேட்பார். என்னிடம் மட்டும் கேட்பதில்லை.