ரூத்தும் முதல் சொட்டும்

பேருந்து பசுமலையைத் தாண்டும்போதே ரூத் எழுந்துவிடுவாள். நாங்கள் இறங்க வேண்டியது பெரியாரில். இன்னும் பாதித் தூரத்துக்கு மேல் கிடக்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்டக்டரின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பாள். "ஏம் பாப்பா, எடந்தான் கெடக்குல்ல, உக்காரு" என்று அவர் தினமும் சொல்வார். "இருக்கட்டும்ணே, எறங்கப் போறேன்ல" என்று இவளும் தினமும் சொல்வாள். திருப்பரங்குன்றத்தில் ஏறும்போதிருந்தே அவள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

பி.எஸ்சி. வேதியியல், முதலாண்டு. ஆய்வகத்தில் எனக்கு அடுத்த இடம் அவளுடையது. டீயை ஆற்றிக் குடிக்கும் பொறுமை கிடையாது. நாக்கைச் சுட்டுக்கொண்டு நாள் முழுக்க உஸ் உஸ் என்பாள். மதியச் சாப்பாடு இரண்டாவது பீரியடிலேயே காலி. பிறகு மதியம் என் டப்பாவை எட்டிப் பார்த்து, "ஏ புள்ள, எம்புட்டு வச்சிருக்க?" என்பாள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அவள் வலது கால் தையல் மிஷின் மிதிப்பதைப் போல ஆடும். அந்த பெஞ்சில் இருக்கும் எல்லோருடைய கையெழுத்தும் கோணலாகப் போவதற்கு அதுதான் காரணம். 'அவசரக்குடுக்கை' என்ற பட்டத்தை நாங்கள் வைக்கவில்லை. அவளைப் பெற்ற பிலோமினாள் டீச்சரே வைத்தது.

வேதியியல் அவளாகக் கேட்டு எடுத்த பாடம் அல்ல. பி.காம். கிடைக்கவில்லை, இது கிடைத்தது. ஒரு மோலில் எத்தனை அணுக்கள் என்று சிவசங்கரன் சார் முதன்முதலாகப் பலகையில் எழுதியபோது, அந்த எண்ணின் வாலைப் பார்த்து வகுப்பே வாயடைத்துப் போயிருந்தது. ரூத் மட்டும் எழுந்தாள். "அம்புட்டையும் யாரு சார் உக்காந்து எண்ணுனா?" எல்லோரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை, மீதி வகுப்பு முழுக்க அதற்கே பதில் சொன்னார். அன்றைக்கு அவள் கால் ஆடவில்லை என்பதை நான் கவனித்தேன்.

வினை வந்தது ஆய்வகத்தில். பியூரெட் என்கிற நீளமான கண்ணாடிக் குழாயில் ஊதா நிறப் பெர்மாங்கனேட். கீழே குடுவையில் சூடாக்கிய ஆக்சாலிக் அமிலம். திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுகிற ஊதா மறைந்துகொண்டே வரும். மறையாமல் வெளிர் ரோஜா நிறம் நின்றால், அதுதான் முடிவு. இதில் ஒரு குசும்பு உண்டு. முதல் சொட்டு சட்டென்று மறையாது. குடுவையைச் சுழற்றிக்கொண்டு அது வெளுக்கும்வரை நிற்க வேண்டும். அதன்பிறகு விழுவதெல்லாம் மடமடவென்று மறையும்.

ரூத்தால் அந்த முதல் சொட்டோடு மட்டும் ஒத்துப்போகவே முடியவில்லை. முதல் நாள் ஒரே சொட்டு விட்டு, நிறம் நிற்பதைப் பார்த்துவிட்டு, "சார், எனக்கு முடிஞ்சிருச்சு!" என்று கையைத் தூக்கினாள். இன்னொரு நாள், மறையாத கோபத்தில் மேலே மேலே திறந்துவிட்டாள். குடுவை சீயக்காய் கரைத்த தண்ணீராகிப் போனது. மாதிரித் தேர்விலும் அதே சீயக்காய்தான். "ஏன் சார் மொதச் சொட்டு மட்டும் இம்புட்டு லேட்டு?" என்று கேட்டாள். அந்த முதல் சொட்டு உண்டாக்குகிற பொருள்தான் அடுத்த சொட்டுகளை வேகப்படுத்துகிறது, அது உண்டாகும்வரை நாம்தான் நிற்க வேண்டும் என்றார் சார். "புரியுது சார். கைதான் கேக்க மாட்டேங்குது" என்றாள். பெர்மாங்கனேட் கறை பிடித்துப் பழுப்பாகியிருந்த விரல்களை ஏதோ அடுத்தவர் விரல்களைப் போலப் பார்த்தாள்.

அவள் அப்பா லாசர், ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். மாதிரித் தேர்வு மார்க்கைப் பார்த்துவிட்டு அவர் கத்தவில்லை. பிராக்டிகல் தேர்வில் தேறாவிட்டால் கல்லூரி இத்தோடு போதும், அலுவலகத்தில் தன் பக்கத்திலேயே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து டைப் அடி என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

"காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே சேரு புள்ள" என்றாள் ரூத், பேருந்து நிறுத்தத்தில் அங்கும் இங்கும் நடந்தபடி. கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "அதக்கூட விடு. இது எனக்கு இப்பத்தான் புடிக்க ஆரம்பிச்சிருக்கு" என்றாள். மற்ற விஷயம் என்றால் கிண்டலடித்திருப்பேன்.

தேர்வன்று வெளிக் கல்லூரியிலிருந்து ஒரு அம்மாள் பரிசோதகராக வந்திருந்தார். வரிசை வரிசையாக நடந்து வேடிக்கை பார்க்கிற ரகம். அவருக்கென்று போட்ட ஸ்டூல் எங்கள் மேசை ஓரத்தில் சும்மா கிடந்தது. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கரைசல், அடுத்தவரிடம் ரீடிங் கேட்டும் பிரயோசனமில்லை. ரூத் குடுவையைச் சூடாக்கி, கைக்குட்டையால் பிடித்து இறக்கி, பியூரெட்டுக்குக் கீழே வைத்தாள். முதல் சொட்டை விட்டாள். ரோஜா நிறம் பரவி அப்படியே நின்றது. அவள் வலது கை திருகின் மேலேயே இருந்தது, கால் ஆட ஆரம்பித்தது. என் பியூரெட்டை மறந்துவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்துவிடாதே, திறந்துவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

ரூத் திருகை இறுக்கி மூடினாள். காலால் அந்த ஸ்டூலை இழுத்தாள். வலது கையைத் தொடைக்கு அடியில் திணித்து, அதன் மேலேயே அழுத்தமாக உட்கார்ந்துகொண்டு, இடது கையால் குடுவையை மெதுவாகச் சுழற்ற ஆரம்பித்தாள்.