அழிகிற பேனாவால் ஒரு கடிதம்

வெளிர் நிறத் தோலின் மேல் அளவு அட்டையை வைத்து எழிலரசி நீலப் பேனாவால் கோடு இழுக்கிறாள். எதிர் மெஷினில் பிரிசில்லா அந்தக் கோட்டின் மேலேயே தையல் ஓட்டுகிறாள். மூன்றாவது மேசையில் சூடான காற்றை ஊதியதும் கோடு இருந்த சுவடே தெரிவதில்லை. மாதனூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியில் எட்டு வருடமாக எழிலரசிக்கு இதுதான் வேலை.

“நாள் பூரா கோடு போடறேன். ஒண்ணு கண்ணுல பட்டாலும் அந்த ஷூ ரிஜெக்ட்” என்பாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பேனா எப்போதும் அவள் கொண்டையில் செருகியிருக்கும். கம்பெனி பஸ்ஸில் தூங்கும்போதும் எடுப்பதில்லை. சாப்பாட்டுப் பாக்ஸின் மூடியில் அதே பேனாவால்தான் பெயர் எழுதுவாள். கொதிக்கக் கொதிக்கச் சோறு வைத்ததும் பெயர் போய்விடும். மத்தியானம் பாக்ஸ் மாறும். “எட்டு வருசமா உனக்கு இது மட்டும் ஏறலயா?” என்று பிரிசில்லா திட்டிக்கொண்டே அவளுடைய புளிக்குழம்பைச் சாப்பிட்டு முடிப்பாள்.

போன ஜனவரியில், பனி கொட்டும் நாடு ஒன்றுக்குப் போன ஷூக்களில் அழிந்த கோடுகள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. சூப்பர்வைசர் தபரேஸ், அங்கிருந்து திருப்பி அனுப்பிய பெட்டியைத் திறந்து காட்டிக் கத்தினார். “சூடு காட்டினா மை தூங்குது, அவ்ளோதான். ஐஸ்ல வெச்சா முழிச்சிக்குதும்மா! ஊதினா மட்டும் பத்தாது, தொடைச்சி எடுங்க.”

எழிலரசியின் கணவன் கோபி ராணுவத்தில் நாயக் பதவியில் இருக்கிறான். பதினைந்து வருடம் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தவன், அவளைக் கேட்காமலே இன்னும் சில வருடம் இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டான். ஏப்ரல் கடைசியில் போனில் அதைச் சொன்னான்.

“அப்போ அங்கயே கெடங்க. இந்த வாசப்படி மிதிக்க வராதீங்க” என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் எல்லையில் சண்டை மூண்டது. கோபியின் படைப்பிரிவை முன்னால் நகர்த்திவிட்டார்கள், போன் கூடாது. ஊர்ப் பெயரே இல்லாத, வெறும் எண்களாலான ஒரு முகவரிதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

கல்யாணமான நாளிலிருந்து வீடியோ காலிலேயே குடும்பம் நடத்தியவள், டீ இடைவேளையில் முதல்முறையாகக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். கை தானாகக் கொண்டைக்குப் போனது. மேலே தேதி, கீழே ஒரு பக்கம். உறையின் மேல் முகவரியை மட்டும் தபால் ஆபீசில் நூலில் கட்டித் தொங்கிய பேனாவால் எழுதினாள். வெளியே அக்னி நட்சத்திர வெயில். தபால் பெட்டியின் வாயைத் தொட்டவள் விரலை உதறிக்கொண்டாள்.

பதினெட்டாம் நாள் பதில் வந்தது. உள்ளே அவள் அனுப்பிய தாள், ஓர் எழுத்துகூட இல்லாமல். கூடவே கோபியின் கையெழுத்தில் இரண்டு வரி: “வெறும் பேப்பர் கிடைச்சது. சரி, இதுவும் ஒரு பதில்தான். உடம்பைப் பாத்துக்கோ.”

மை தபால் பெட்டிச் சூட்டில் போனதோ, எல்லைப் பக்கத்துப் பாலைவனத்தில் லாரிச் சூட்டில் போனதோ தெரியாது. புறங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“இன்னொண்ணு எழுதிப் போடேன்” என்றாள் பிரிசில்லா.

“இப்போ எழுதினா, பதில் பாத்துட்டு கதை வுடறான்னுதான் தோணும் அவருக்கு. மே எட்டாம் தேதியே நான் எழுதிட்டேன்னு அவருக்குத் தெரியணும்.”

தாளை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, தெருமுனையில் நிசார் அஹமதுவின் ஐஸ்கிரீம் கடைக்குப் போனாள்.

“லெட்டரை ஐஸ்ல வெப்பாங்களாம்மா? இன்னா பேஜாரு இது?”

“ராத்திரிக்கு மட்டும் பாய். ஒங்க குல்பி ஒண்ணும் கெட்டுடாது.”

காலையில் எழுத்து வந்திருந்தது. முதலில் தேதி, பிறகு வரிகள்: “அன்னிக்கு போன்ல சொன்னது மனசுல வெச்சிக்காதீங்க. எத்தினி வருசம் ஆனாலும் இது உங்க வாசப்படிதான். முழுசா வந்து சேருங்க.”

கூடத்துத் தரையில் உட்கார்ந்து, சாதாரண பால் பாயிண்ட் பேனாவால் ஒவ்வொரு எழுத்தின் மேலேயும் எழுத ஆரம்பித்தாள். தன் கோட்டின் மேல் பிரிசில்லா தையல் ஓட்டுவதைப் போல, கொஞ்சமும் விலகாமல். கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

எழுதி முடித்ததும் இஸ்திரிப் பெட்டியைச் சுவிட்சில் செருகினாள்.

“லெட்டருக்கு இன்னாடி இஸ்திரி? அது இன்னா கல்யாணத்துக்கா போவுது?” என்றாள் மாமியார் சம்பூர்ணம்.

“சும்மா இரு அத்தே.”

தாளின் மேல் பெட்டியை வைத்து அழுத்தி எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேதியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஓர் எழுத்தும் அழியவில்லை. பிறகு தாளைக் கீழே வைத்து, இன்னொரு முறை பெட்டியை அழுத்தினாள்.